சுவான்ஜோவில் வீடு பிடித்தேன்

சீனாவின் சுவான்ஜோ நகரில் தேநீர் இல்லாமல் எந்தப் பேச்சும் தொடங்குவதில்லை. வீட்டுத் தரகர் என்னை உட்காரவைத்த கையோடு சாவியைத் தேடவில்லை, தண்ணீரைக் கொதிக்கவைத்தார். மேசையில் ஓட்டைகள் போட்ட மரத்தட்டு, மூடியுள்ள வெள்ளைக் கிண்ணம், இரண்டு மடக்கில் தீர்ந்துபோகும் சின்னக் கோப்பைகள். இலைமேல் ஊற்றிய முதல் நீரை யாரும் குடிக்கவில்லை. அதில் கோப்பைகளை அலசித் தட்டிலேயே கொட்டிவிட்டார். இரண்டாவது ஊற்றுதான் குடிப்பதற்கு. எனக்குப் பக்கத்தில் இருந்தவர், தன் கோப்பை நிறைந்ததும் இரண்டு விரல்களால் மேசையை மெல்லத் தட்டினார். அதுதான் நன்றி சொல்லும் முறை. நானும் தட்டினேன், தரகரின் முகம் மலர்ந்துவிட்டது. அதே இலையில் ஐந்தாறு முறை நீர் ஊற்றிக் குடித்த பிறகே வாடகைப் பேச்சு வந்தது. மூன்று மாத வாடகையை முன்னதாகவே கட்டவேண்டும், அதோடு ஒரு மாத வாடகை முன்பணம்.

அந்த இலையின் பெயர் தியெகுவான்யின். இதே சுவான்ஜோ வட்டாரத்து அன்ஷி மலைகளில் விளைவது. கோப்பையும் இதே வட்டாரத்து தெஹுவா ஊரின் வெண்பீங்கான். ஸ்கூட்டர் பழுதுபார்க்கும் கடையிலும் செல்போன் கடையிலும் அதே தட்டு காத்திருக்கிறது. அவசரமாகப் போனாலும் உட்காரச் சொல்கிறார்கள். ஃபூஜியான் மாகாணக் கடற்கரையின் இந்தப் பழக்கம் என்னை முதல் வாரத்திலேயே மயக்கிவிட்டது.

வெளிநாட்டவர் ஓட்டலில் தங்கினால் பதிவு வேலையை ஓட்டல்காரர்களே பார்த்துக்கொள்வார்கள். தனி வீடு என்றால் 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் முகவரியைப் பதியவேண்டும். வீட்டுக்கார அம்மா வீட்டுப் பத்திரத்தையும் தன் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு தானே கூட வந்தார். திரும்பும் வழியில் காலைச் சாப்பாட்டுக் கடையைக் காட்டிவிட்டுப் போனார்: மெல்லிய சேமியாவைக் குழையக் குழைய வேகவைத்த கஞ்சி, தொட்டுக்கொள்ள எண்ணெயில் பொரித்த நீள மாவுத்துண்டு. இந்த ஊரின் காலை அதுதான்.

அந்தக் கடையில் பணம் கட்ட வைத்திருந்த கியூஆர் அட்டை நமக்குப் புதிதல்ல. ஆனால் அரட்டையும் பணமும் மருத்துவமனைச் சீட்டும் வீசாட் என்ற ஒரே செயலிக்குள் அடங்கிவிடுவது புதிது. சிக்கல் வீட்டோடு பேசுவதில்தான். சீன இணையத்தில் வாட்ஸ்அப் திறக்காது. வீசாட்டை இந்தியா 2020இல் தடைசெய்துவிட்டது. இந்திய சிம்மை ரோமிங்கில் உயிரோடு வைத்திருப்பவர்களுக்கு வாட்ஸ்அப்பும் வரும், வங்கியின் ஓடிபியும் வரும். கிளம்பும் முன்பே அதைச் செய்துவிடுங்கள்.

என் மனம் முழுதாக நிலைகொண்டது காய்கறிச் சந்தையில். பாகற்காய், பீர்க்கங்காய், தண்டுக்கீரை, சேப்பங்கிழங்கு எல்லாம் குவிந்து கிடக்கின்றன. கறிவேப்பிலையும் துவரம்பருப்பும்தான் கண்ணில் படவில்லை. சொல்லும் விலை ஒரு ஜின்னுக்கு, அதாவது அரைக் கிலோவுக்கு. மொழி தெரியாதவருக்கு விரல் போதும்: கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நீட்டினால் ஆறு, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்தால் எட்டு. ஒன்று முதல் பத்துவரை ஒரே கையில் சொல்லிவிடுகிறார்கள். அங்கே சுன்பூ கிராமத்துப் பெண்கள் சிப்பி உடைத்து விற்கிறார்கள். மொட்டுகளைச் சரமாகக் கோத்துக் கொண்டையைச் சுற்றி அடுக்கடுக்காக வைத்திருக்கிறார்கள். கை சிப்பியை நெம்புகிறது, தலையில் ஒரு பூவும் அசைவதில்லை. வயதான பெண்கள் வேலை நேரத்தில் இத்தனை பூவோடு இருப்பதை மதுரைப் பூ மார்க்கெட்டுக்குப் பிறகு இங்கேதான் பார்த்தேன்.

அந்நியர் வந்து தங்குவது சுவான்ஜோவுக்குப் பழகிப்போன விஷயம். சோங், யுவான் அரசமரபுகளின் காலத்தில் உலகின் பெரிய துறைமுகங்களில் ஒன்று இது. மார்க்கோ போலோ சைத்தூன் என்று எழுதியது இந்த ஊரைத்தான். தூமென் தெருவில் குவான்தி என்ற சீனத் தெய்வத்தின் கோவிலும் 1009இல் எழுந்த கல் மசூதியும் அக்கம்பக்கமாக நிற்கின்றன. 1281இல் இங்கே சிவனுக்குக் கோவில் எடுத்த தமிழர்கள், மன்னர் குப்ளாய் கானின் நலம் வேண்டித் தமிழில் கல்வெட்டு வெட்டினார்கள். கோவில் இன்று இல்லை, கல்வெட்டு கிடைத்திருக்கிறது. வாணிகத்துக்கு வந்தவர்கள் கோவில் கட்டும் அளவுக்கு இங்கே வேரூன்றினார்கள் என்பதே எனக்குப் பெரிய தைரியம். இந்தப் பழைய துறைமுக நகரம் 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

அந்தத் தமிழ் வணிகர்கள் காலத்து இந்துச் சிற்பங்களைக் காய்யுவான் கோவிலில் காணலாம். 686இல் தோன்றிய பௌத்தக் கோவில் அது. பெரிய மண்டபத்தின் முன்மேடை அடியில் மனித முகச் சிங்கங்கள். பதினாறு பட்டைகள் கொண்ட இரண்டு கருங்கல் தூண்களில் நரசிம்மரும், மருதமரங்களுக்கு நடுவே கண்ணனும். தூணருகே நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்தது. பக்கத்தில் ஊர்ப் பாட்டிகள் ஊதுவத்தி ஏந்தி வணங்கிக்கொண்டிருந்தார்கள்.

சுவான்ஜோவுக்கு வரும் தமிழர்கள் முதல் வாரத்திலேயே காய்யுவான் கோவிலுக்குப் போய்விடுங்கள். முன்வாசலில் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். தூண்கள் மண்டபத்தின் பின்தாழ்வாரத்தில் இருக்கின்றன.