ஈரத் திரி

விடிகாலை நாலரை மணி. மதுராந்தகத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூர். ஏரிக்கரையை ஒட்டிய கொல்லையில், வேப்பமர நிழலில் அந்தக் காளான் குடில் இருக்கிறது. நாலு மீட்டர் நீளம், நாலு மீட்டர் அகலம். கீற்றுக் கூரை, அதற்கு மேலே பச்சை நிழல்வலை, உள்பக்கம் கோணி தொங்கும் தட்டிச் சுவர். எதிரே உள்ள துவைக்கும் கல்லில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த அம்மா வருகிறார். கதவுப்பக்கம் போகவில்லை. கிழக்குச் சுவரில் தரையோடு இருக்கும் சின்னத் தட்டியைக் குனிந்து தூக்கிக் கயிற்றில் கட்டுகிறார். சுற்றிக்கொண்டு போய், மேற்குச் சுவரில் கூரையை ஒட்டிய ஜன்னலின் கோணியைச் சுருட்டுகிறார். இரண்டு திறப்பிலும் ஈ நுழையாத நைலான் வலை. பிறகு சும்மா நிற்கிறார். கூட வந்த சிறுமி கதவில் கை வைக்கிறாள்.

“இரு பாப்பா. ராவெல்லாம் அதுங்க விட்ட மூச்சு உள்ளயே கீது. போவட்டும்.”

கொழுந்தனார் மகள். பள்ளி விடுமுறையில் பெரியம்மாவுக்குக் கைத்துணை. அவள் கையை எடுத்துக்கொள்கிறாள்.

அந்த அம்மா சொன்னதில் ஒரு சொல்கூட உவமை கிடையாது. காளானுக்கு இலை இல்லை, பச்சையம் இல்லை. நம்மைப் போலவே அதுவும் உயிர்க்காற்றை இழுத்துக் கரியமில வாயுவை வெளியே விடுகிறது. உயிர்வாழும் எதுவும் சூடு விடும். வைக்கோலைத் தின்னும் காளானும் விடுகிறது. இந்தச் சின்ன அறைக்குள் நூற்றுக்கு மேற்பட்ட பைகள் இரவெல்லாம் மூச்சு விட்டிருக்கின்றன.

கதவு திறக்கிறது. நடுவே ஒரு தடுப்பு. முதல் பாதியில் சிப்பிக் காளான் பறிப்புக்கு நிற்கிறது. உறி போலக் கயிற்றில் மூன்று மூன்றாகத் தொங்கும் வைக்கோல் உருளைகள். வைக்கோலை வேகவைத்து, பிழிந்தால் நீர் சொட்டாத பதத்துக்கு ஆற்றி, பையில் ஓர் அடுக்கு வைக்கோல், ஓர் அடுக்கு விதை என்று கட்டியவை. வெண்பூஞ்சை படர்ந்து முடிந்ததும் பையை உரித்துவிட்டிருக்கிறார்கள்.

தட்டிக்கும் ஜன்னலுக்கும் இடையே காற்று ஓடும் பாதையில் தொங்கும் உருளைகளில் தண்டு குட்டை. தொப்பி உள்ளங்கை அகலம். தென்மேற்கு மூலையில் தொங்குபவற்றில் தண்டு விரல்நீளம் நீண்டு, நுனியில் சட்டைப் பொத்தான் அளவுக்குத் தொப்பி. ஒரே வைக்கோல், ஒரே விதை, ஒரே குடத்துத் தண்ணீர். காற்று மட்டும்தான் வேறு. அந்த அம்மா மூலைக் கொத்து ஒன்றைத் திருகி எடுத்துச் சிறுமியிடம் நீட்டுகிறார்.

“கழுத்த நீட்டுது பாரு. மூச்சுக்குத் தவிக்குது.”

கொத்தை இழுக்காமல் திருகி எடுக்கிறார்கள். இருவர் முகத்திலும் துணி. தொப்பியின் விளிம்பு உள்நோக்கிச் சுருண்டிருக்கும்போதே பறித்துவிட வேண்டும். தட்டையாக விரிந்துவிட்டால் வெள்ளை வித்துத் தூள் கொட்டி, குடிலுக்குள் வேலை செய்பவர்களுக்கு இருமல் வரும். துணியைச் சிறுமி கழுத்துக்கு இறக்குகிறாள். அந்த அம்மா பேசாமல் மறுபடி மூக்குக்கு ஏற்றிவிடுகிறார்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் இருட்டு. விதை போட்டுப் பதினைந்து இருபது நாள் பூஞ்சை படரவேண்டிய பைகள் அங்கே இருக்கின்றன. அவற்றுக்கு இத்தனை காற்று வேண்டாம். சூடுதான் அவற்றின் எமன். அந்த அம்மா இருட்டிலேயே நுழைந்து, பைக்கும் பைக்கும் நடுவே கையைச் செருகுகிறார். குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோலப் புறங்கையால் தொடுகிறார். நாலாவது வரிசையில் கை நிற்கிறது. இரண்டு பைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. பிரித்து, ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டு மறுபடி தொடுகிறார். வளரும் பூஞ்சையின் சூட்டினால் பையின் உள்வயிறு அறையைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகவே இருக்கும். அறை 32 என்றால் உள்ளே 35. அந்தச் சூட்டில் விதை சோர்ந்துபோகும். அது விட்ட இடத்தைப் பச்சைப் பூசணம் பிடித்துக்கொள்ளும். ஒரு பையை மோந்து பார்க்கிறார். புளித்த வாடை போலிருக்கிறது. எடுத்துக்கொண்டு குடிலைத் தாண்டி, கொல்லைக் கடைசியில் உள்ள குழிவரை நடந்துபோய்ப் போட்டு மண் மூடுகிறார். கையை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே திரும்ப உள்ளே போகிறார்.

வெயில் ஏறுகிறது. கத்திரி தொடங்கி ஒரு வாரம். பத்து மணிக்குக் கோணிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். தரையில் பரப்பிய ஆற்றுமணலையும் நனைக்கிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது விழுங்கும் சூடு, ஏழெட்டு லிட்டர் கிணற்று நீரைக் கொதிக்க வைக்கப் போதும். மின்சாரம் கேட்காத இந்தக் குளிர்ச்சியை நம்பித்தான் இந்தக் குடில் நிற்கிறது. அந்த அம்மா காளான் பொட்டலங்களை எடுத்துக்கொண்டு பேருந்துக்குப் போகிறார்.

பன்னிரண்டரைக்குச் சிறுமி தனியாக இருக்கிறாள். குடிலுக்குள் எட்டிப் பார்க்கிறாள், சுடுகிறது போலும். கைத்தெளிப்பானை எடுத்து அடிக்கிறாள். மறுபடி நிரப்பி அடிக்கிறாள். ஜில்லென்று ஆனது வெளியே போய்விடக் கூடாது என்று தட்டியை இறக்குகிறாள், ஜன்னல் கோணியை இறக்குகிறாள், கதவைச் சாத்துகிறாள். கூரைக்கடியில் சுற்றிக்கொண்டிருந்த சின்ன எக்ஸாஸ்ட் ஃபேனையும் நிறுத்திவிடுகிறாள். அக்கறையோடுதான் செய்தாள். வெயிலில் வீட்டு ஜன்னல்களை அடைத்துப் பழகிய யாரும் அதையேதான் செய்வோம்.

அந்த அம்மா திரும்பியதும் கதவைத் திறக்கிறார். உள்ளிருந்து வந்த ஆவி கல்லில் இருக்கும் எனக்கே முகத்தில் அடிக்கிறது, இட்லிப் பானையைத் திறந்தமாதிரி. தூணில் ஒரு பலகை. அதில் இரண்டு வெப்பமானிகள் பக்கத்தில் பக்கத்தில். ஒன்று வெறுங்குழாய். இன்னொன்றின் குமிழில் துணித் திரி சுற்றி, திரியின் வால் ஒரு குப்பித் தண்ணீருக்குள் கிடக்கிறது. வெறுங்குழாய் 31, திரிக்குழாய் 30க்கு மேல். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டால், காற்று குடிக்கவேண்டிய தண்ணீரை எல்லாம் குடித்துவிட்டது என்று பொருள். அதற்குமேல் எத்தனை குடம் ஊற்றினாலும் ஒரு சொட்டும் ஆவியாகாது, குளிர்ச்சியும் வராது. தெளித்த நீர் மொட்டுகளின்மேல் முத்து முத்தாக அப்படியே உட்கார்ந்திருக்கும். அந்த நீர் காயாமல் நின்றால் மொட்டு மஞ்சளாகி அழுகும்.

திட்டு விழப்போகிறது என்று நினைக்கிறேன். சிறுமியும் அப்படித்தான் சுவரோரம் நிற்கிறாள். அந்த அம்மா தட்டியைத் தூக்கிக் கட்டுகிறார், கோணியைச் சுருட்டுகிறார், ஃபேனைப் போடுகிறார். பிறகு பலகையைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்து, வேம்பின் நிழலில் பிடித்துக்கொண்டு, திரிமேல் விசிறியால் வீசுகிறார்.

“வா, வந்து பாரு. இது எவ்ளோ?”

“முப்பத்தெட்டு.”

“திரி?”

“இருவத்தேழு, பெரியம்மா.”

“தண்ணிய வெச்சி நாம எறக்க முடிஞ்சது அந்த இருவத்தேழு வரிக்குந்தான். அதுவும் காத்து ஓடுனாத்தான். அடச்சி வெச்சா இல்ல. தெரிஞ்சிதா?”

சிறுமி தலையாட்டுகிறாள். பலகையை அவள் கையிலேயே கொடுத்து உள்ளே மாட்டச் சொல்கிறார். கால் மணி கழித்து அவளே போய்ப் படித்துவிட்டு வந்து உரக்கச் சொல்கிறாள்: இது 29, திரி 27. மொட்டுகளின் மேலிருந்த முத்துகள் காய்ந்துவிட்டன.

ஒரு பாடத்தை இத்தனை மரியாதையோடு சொல்லிக்கொடுத்து நான் அதிகம் பார்த்ததில்லை. வேளாண் அறிவியல் நிலையப் பயிற்சியில் கற்றதைத் தன் கொல்லையில், தன் தோலில் சோதித்து, தன் பேச்சில் அவர் சொல்லித் தருகிறார். இந்த வேலையில் இருக்கும் பெண்களை ‘உதவியாளர்’ என்று கணக்கில் எழுதுவது பெரும் தவறு.

மூன்று மணிக்கு மின்சாரம் நிற்கிறது. ஃபேனின் இறக்கைகள் மெதுவாகி ஓய்கின்றன. அந்த அம்மா ஏரிக்கரைப் பக்கம் பார்க்கிறார். பனைமரங்களில் அசைவில்லை. முக்காலியில் ஏறி, மேல் ஜன்னலுக்குப் பக்கத்திலுள்ள கீற்றையும் ஒரு முழம் விலக்குகிறார். சூட்டுக் காற்று மேலே போக வழி இருந்தால், கீழ்த் தட்டி வழியே மணல்மேல் தவழ்ந்து புதுக்காற்று தானே வரும். நான் எழுந்து தட்டியருகே கை வைத்துப் பார்க்கிறேன். வருகிறது. மெல்லியதாக, ஈரமாக.

நாலரைக்குப் பனைகள் சலசலக்கின்றன. கிழக்கேயிருந்து கடற்காற்று. தட்டியில் கட்டியிருந்த கோணி உள்பக்கமாக உப்புகிறது. அந்த அம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, அன்றைக்கு முதல்முறையாகத் திண்ணையில் உட்காருகிறார்.

“நாளிக்கு வைக்கோல் ஊற வெக்கட்டா பெரியம்மா?”

“ஊற வை. சிப்பிக்கு வேணாம். பால் காளானுக்கு.”

29 என்பது சிப்பிக்குக் கூடுதல்தான். 25ஐ ஒட்டி இருந்தால்தான் அது செழிக்கும். இன்றைய திரியின் 27 அதற்கு இடம் தராது. பால் காளானுக்கு 30 முதல் 35 வரை தேவை. கத்திரி அதற்குப் பருவம். 1974இல் வங்காளத்தில் அறிஞர்கள் இந்தக் காளானைப் பற்றி முதலில் எழுதினார்கள். வெயில் காயும் அருப்புக்கோட்டையின் பெயரை ஒட்டி ஏ.பி.கே. 2 என்று ஒரு ரகத்தை 1998இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. வீட்டுக்குப் பின்னால் இடுப்பளவு பள்ளம் வெட்டி, மேலே நீலநிறப் பாலித்தீன் விரித்து அந்த அம்மா தயாராக வைத்திருக்கிறார். பைகளின்மேல் பரப்பும் மண்ணை வேகவைக்க அடுப்பும் கூட்டியாகிவிட்டது.

“சிப்பிய எப்போ பெரியம்மா மறுபடி போடுவோம்?”

“ஐப்பசி பொறக்கட்டும்.”

சிறுமி குடிலுக்குள் போய்க் குப்பியில் குறைந்திருந்த தண்ணீரை நிரப்பி, திரியின் வாலை அதற்குள் நனையவிட்டு வருகிறாள்.