புல்வெளியில் ஒரு மடக்கு மேசை

அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை புல்வெளி. மண்மேடுகளில் நிமிர்ந்து நிற்பவை பிரெய்ரி நாய்கள். பெயர்தான் நாய், உண்மையில் அணில் இனம்! மேய்ச்சல் புல்லைத் தின்பதால் பண்ணைக்காரர்களுக்குத் தொல்லை. சுட வருபவர்களில் சிலர் கொண்டுவருவது கைத்துப்பாக்கி. அதைத் தோளில் முட்டுக்கொடுக்க முடியாது. கை இம்மி அசைந்தாலும் தூரத்துக் குறி தவறும். எனவே, மடக்கு மேசையை ஆடாமல் நிறுத்தி, துப்பாக்கியின் முன்பக்கத்துக்கு அடியில் ஒரு மணல் பை, கைப்பிடிக்கு அடியில் இன்னொன்று வைக்கிறார்கள்.

ஆனால், இங்குள்ள கொனாட்டா பகுதியில் சுடத் தடை. கீரி போலிருக்கும் கருங்கால் ஃபெரட், பிரெய்ரி நாயைத் தின்று, அதன் வளையிலேயே வாழ்கிறது. அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட ஃபெரட், 1981-ல் வயோமிங்கில் மீண்டும் கிடைத்தது. பிரெய்ரி நாய் இல்லாவிட்டால், அதுவும் இல்லை.