நாமத்தின் முதல் எழுத்து

சென்ற பிரதோஷத்தன்று மலைக்கோட்டையில் தாயுமான சுவாமியைத் தரிசித்துவிட்டு, சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் செல்லும் பேருந்துக்காகக் காத்திருந்தேன். கைப்பேசியில் ஒலித்தது, திருச்சியில் வளர்ந்த எம்.கே. தியாகராஜ பாகவதரின் சிவநாமப் பாடல். என் தந்தையார் போற்றிவைத்த, நிமிடத்திற்கு 78 சுற்று சுழலும் அரக்கு இசைத்தட்டிலிருந்து நானே கணினியில் பதிந்தது அது.

கீறல்களின் 'டப் டப்' ஓசை கணநேரமே நிற்பது. மென்பொருள் அதை எளிதில் களைந்தது. இடைவிடாத இரைச்சலோ வேறு. பாட்டுத் தொடங்குமுன் ஊசி வெறுமனே ஓடும் பகுதியைக் காட்டி, "நீக்க வேண்டியது இதுவே" என்று அதற்குக் கற்பித்தேன். ஆசை மிகுந்து அளவையும் முழுதாகக் கூட்டினேன். இரைச்சல் அடங்கிற்று. ஆனால், இப்போது கேட்கையில், 'சிவ' என்று அவர் அழைக்கும் இடத்தில் முதல் எழுத்தே மழுங்கியிருந்தது! சகரமும் காற்றொலிதானே, கருவிக்கு இரண்டும் ஒன்று. பாலையும் நீரையும் பிரித்தறியும் அன்னமன்று அது.

அவ்வேளையில் அருகில் நின்ற மூதாட்டி ஒருவர் மலையை நோக்கிக் கைகூப்பி, "சிவ சிவ" என்றார். நடத்துநர்களின் கூவலுக்கும் ஊதொலிகளுக்கும் இடையே அது தெளிவாகக் கேட்டது. இரைச்சலை எவரும் நீக்கித் தரவில்லை. மனம் நாமத்தில் நின்றது, அவ்வளவே.

வீடு திரும்பியதும் மூலப் பதிவை எடுத்து, கீறலோசையை மட்டும் களைந்து, இரைச்சலை இருக்கவிட்டேன். இப்போது நாமம் முழுமையாக ஒலிக்கிறது.