காளையின் பெயர்

எங்கள் வீட்டுப் பூனைக்கு மீனாட்சி என்று பெயர் வைத்தவள் அம்மா. பெயரில் மீன் இருந்ததே ஒழிய, தட்டில் ஒரு நாளும் இருந்ததில்லை. சுத்த சைவ வீடு. இரண்டு வேளை தயிர் சாதம், ராத்திரி பால். வாசற்படி தாண்டவும் விடமாட்டோம். "பழக்கினால் பூனையும் சைவமாகும்" என்பாள் அம்மா. நானும் நாலு பேரிடம் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

மூன்றாம் வருஷம் மீனாட்சி நாற்காலிக் காலில் முட்டிக்கொண்டாள். விளையாட்டு என்று சிரித்தேன். சில நாளில் பால் கிண்ணத்தையும் மோந்து மோந்து தேடினாள்.

கால்நடை டாக்டர் அவள் கண்ணைப் பார்த்துவிட்டு, "மீன், கறி ஏதும் கொடுப்பதில்லையா, சார்?" என்றார்.

"இல்லை" என்றேன், சற்றுக் கர்வத்தோடு.

"அதுதான். டாரின் கிடைக்காமல் விழித்திரை கெட்டுவிட்டது. போன பார்வை திரும்பாது. இருதயத்தையாவது காப்பாற்றலாம்."

அன்றிரவு அந்தச் சொல்லைத் தேடிப் படித்தேன். லத்தீனில் டாரஸ் என்றால் காளை. 1827-இல் டீடமன், க்மெலின் என்ற இரு ஜெர்மானியர்கள் எருதின் பித்தநீரிலிருந்து இதைப் பிரித்தெடுத்ததால் வந்த பெயர். திமிலில்லாத சீமை மாட்டு வம்சத்துக்கும் இதே அடைமொழிதான். திமில் உயர்ந்த நம் காங்கேயம் காளை அதில் சேராது.

புல்லைத் தின்னும் மாடு, தனக்கு வேண்டிய டாரினைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. மனிதனும் ஓரளவு உண்டாக்கிக்கொள்கிறான். பூனைக்கு மட்டும் அந்தச் சக்தி போதாது, மாமிசத்திலிருந்துதான் வரவேண்டும். பசும்பாலில் இருப்பதோ மிகச் சொற்பம். இந்தக் குறையால் பூனைக்குப் பார்வை போகும் என்று 1975-லேயே கண்டிருக்கிறார்கள். இருதயம் தளரும் என்று 1987-இல்.

ஒரு செய்தி மட்டும் எனக்கு ஆறுதலாக இருந்தது. இப்போது டாரினை ஆலையில் ரசாயன முறையில் செய்கிறார்கள்; மாட்டைத் தொடவேண்டியதில்லை. காலையில் அம்மாவிடம் ஓடினேன்.

"பொடியாகவே கிடைக்கிறதம்மா. தயிர் சாதத்தில் கலந்துவிடலாம். நம் ஆசாரத்துக்கும் பங்கமில்லை."

அம்மா மீனாட்சியின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"நம் ஆசாரம் நம்மோடு இருக்கட்டுமடா. அதற்கு இவள் கண்ணைக் கொடுத்தது போதாதா?"

தெருவில் மீன்காரியின் குரல் கேட்டது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, வாழ்நாளில் முதல் தடவையாக, அம்மா அவளைக் கொல்லைப் பக்கம் கூப்பிட்டாள்.