விருந்தினனும் பகைவனும்

நம் ஊர்த் தெருக்களில் நாள்தோறும் கண்ணில் படும் பெயர்ப்பலகைகளில் மூன்று சொற்கள் உண்டு: ஓட்டல், ஹாஸ்டல், ஆஸ்பத்திரி. முதலாவது பசித்தவர் நாடும் இடம். இரண்டாவது மாணவர் தங்கும் இடம். மூன்றாவது நோயுற்றோர் சேரும் இடம். ஆங்கிலத்தின் வாயிலாக வந்து தமிழ் நாவுக்கேற்ப உருமாறிய இம்மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. சொற்பிறப்பியல் பாடத்தை நான் இம்மூன்றையும் கரும்பலகையில் எழுதித் தொடங்குவதே வழக்கம்.

அத்தாய் 'ஹோஸ்பெஸ்' என்னும் இலத்தீன் சொல். வீட்டுக்கு வந்தவன், வந்தவனை வரவேற்பவன் ஆகிய இருவருக்கும் அஃது ஒன்றே பெயர். அதனடியாகப் பிறந்த 'ஹோஸ்பிடாலே' என்பது இடைக்கால ஐரோப்பாவில் வழிப்போக்கர், புனிதப் பயணிகள், ஏழைகள், பிணியாளர் ஆகிய அனைவருக்கும் இடமளித்த இல்லத்தைக் குறித்தது. காலப்போக்கில் பணிகள் பிரியப் பிரியச் சொல்லும் கிளைத்தது. பாரிசு நகரின் மிகப் பழைய மருத்துவமனை இன்றும் 'ஓத்தேல் தியூ' என்றே வழங்கப்படுகிறது. இறைவனின் விடுதி என்பது அதன் பொருள். ஓட்டலும் ஆஸ்பத்திரியும் ஒரே கூரையின்கீழ் இருந்த காலத்திற்கு அப்பெயரே சான்று.

இனி, அத்தாயின் தாயைத் தேடிச் செல்வோம். ஆங்கிலத்தில் 'கெஸ்ட்', செருமன், டச்சு மொழிகளில் 'காஸ்ட்', சுவீடிய மொழியில் 'யெஸ்ட்', உருசிய மொழியில் 'கோஸ்த்' எனும் சொற்கள் யாவும் விருந்தினனையே குறிக்கின்றன. நான்காம் நூற்றாண்டில் உல்ஃபிலா செய்த கோதிக் விவிலிய மொழிபெயர்ப்பில் 'கஸ்ட்ஸ்' என்பது அயலானைச் சுட்டுகிறது. இவையனைத்திற்கும் மூலமாக 'கோஸ்டிஸ்' என்றொரு தொல்வடிவத்தை மொழியியலார் மீட்டமைத்துள்ளனர். இது வெறும் ஒலியொப்புமையால் செய்த ஊகம் அன்று. செருமானிய மொழிகளின் ககரம் நிற்கும் இடத்தில் இலத்தீனில் ஹகரம் நிற்பது பல சொற்களில் காணும் ஒழுங்கு. செருமனில் 'கார்ட்டன்' எனப்படும் தோட்டம் இலத்தீனில் 'ஹோர்டுஸ்'; செருமனில் 'கெஸ்டர்ன்' எனப்படும் நேற்று இலத்தீனில் 'ஹேரி'. 1822இல் யாக்கோபு கிரிம் தம் செருமானிய இலக்கண நூலில் இத்தகைய ஒலி உறவுகளை விதியாக வகுத்துக் காட்டினார்.

அவ்விதிப்படி 'காஸ்ட்' என்னும் சொல்லுக்கு இணையாக இலத்தீனில் நிற்கவேண்டிய சொல் யாது? 'ஹோஸ்டிஸ்'. அதன் பொருளைக் கேட்டால் மாணவர் திகைப்பர். அது பகைவன்! வடக்கே விருந்தினனாக அமர்ந்தவன் உரோமில் பகைவனாக நிற்கின்றான். பகைமையுடைய என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் வழங்கும் 'ஹாஸ்டைல்' இதன் வழித்தோன்றலே. உருமானிய மொழியில் இதே சொல் 'வாஸ்தே' எனத் திரிந்து படை எனப் பொருள்படுகிறது.

உரோமானியரே இம்மாற்றத்தை உணர்ந்திருந்தனர். தம் முன்னோர் அயல்நாட்டானையே 'ஹோஸ்டிஸ்' என்றழைத்தனர் என்று, கி.மு. 44இல் எழுதிய கடமைகள் பற்றிய நூலில் சிசரோ குறிப்பிடுகிறார். அயலான் எங்ஙனம் பகைவனானான்? பிரெஞ்சு மொழியறிஞர் எமில் பென்வெனிஸ்த் 1969இல் வெளியிட்ட தம் நூலில் இவ்வினாவுக்கு விடை கூறுகிறார். தொடக்கத்தில் அச்சொல் ஈட்டுக்கு ஈடாகக் கொடுத்தும் பெற்றும் உறவு பூண்ட அயலானைக் குறித்தது. குடிகளுக்கிடையே நிலவிய அவ்வுறவு தேய்ந்து, நாடு, எல்லை என்னும் எண்ணம் வலுத்தபோது எஞ்சியவன் வெறும் அந்நியன். அந்நியன் பகைவனானான் என்பது அவர்தம் கருத்து. கொடுக்கல் வாங்கல் நின்ற இடத்தில் சொல் திரிந்தது எனலாம்.

இது பழங்கதை அன்று. மேற்கு செருமனி 1955இல் இத்தாலியுடனும் 1961இல் துருக்கியுடனும் உடன்படிக்கை செய்துகொண்டு தன் ஆலைகளுக்குத் தொழிலாளரை அழைத்தது. அவர்களுக்கு வழங்கிய பெயர் 'காஸ்ட் ஆர்பைட்டர்'. விருந்தினத் தொழிலாளர் என்பது பொருள். கேட்க இனிய சொல்தான். ஆனால் விருந்தினன் என்றால் ஒருநாள் புறப்பட வேண்டியவன் என்பதே அதன் உட்பொருள். துருக்கியர் ஈராண்டே தங்கலாம் என்று முதலில் விதித்த வரம்பு 1964இல் கைவிடப்பட்டது. 1973இல் ஆள் சேர்ப்பு நின்றது. ஆயினும் பலர் அங்கேயே குடும்பத்துடன் வேரூன்றினர். அந்நாட்டில் பிறந்த அயல்நாட்டார் மக்களுக்குப் பிறப்பாலேயே குடியுரிமை கிடைக்க வழிசெய்த சட்டம் 2000இல்தான் நடைமுறைக்கு வந்தது.

இச்சொல்லை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் என் தாய்மாமன் நினைவுக்கு வருவார். இருபத்திரண்டு ஆண்டுகள் வளைகுடா நாடொன்றில் கட்டடப் பணியில் உழைத்தவர் அவர். ஈராண்டுக்கு ஒருமுறை ஊர் வருவார். தெருவில் இறங்கியதும் எல்லோரும் கேட்கும் கேள்விகள் இரண்டு: "எப்போது வந்தீர்கள்? எப்போது பயணம்?" ஒருநாள் திண்ணையில் அமர்ந்திருந்தபோது அவர் சொன்னார்: "மருமகனே, அங்கே நான் வந்தவன், இங்கேயும் நான் வந்திருப்பவன். இந்த வீட்டை நான்தான் கட்டினேன். ஆனால் எந்த அலமாரியில் சர்க்கரை இருக்கிறது என்று எனக்குத் தெரியாது." சொல்லிவிட்டுச் சிரித்தார். மாமி உள்ளிருந்து தேநீரை விருந்தினருக்குரிய கோப்பையில் கொண்டுவந்து வைத்தார். அவர் அந்தக் கோப்பையைச் சற்றுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அகராதிகள் சொல்லின் பொருளைத் தருகின்றன. அப்பொருளை ஆக்குவோர் அதனைப் பேசி வாழும் மக்களே. ஒரே வேரிலிருந்து ஒரு கிளை விருந்தையும் மறுகிளை போரையும் காய்த்தது வேரின் குற்றமன்று. பிரெஞ்சில் 'ஓத்', இத்தாலியத்தில் 'ஓஸ்பித்தே' ஆகிய சொற்கள் இன்றளவும் வந்தவனையும் வரவேற்பவனையும் ஒருங்கே குறிக்கின்றன. இன்று வாயிலுக்குள் நிற்பவன் நாளை வேறொரு வாயிலுக்கு வெளியே நிற்பான் என்னும் உண்மை அவற்றுள் அழியாமல் தங்கியிருக்கிறது. மாணவச் செல்வங்கள் சொற்பிறப்பைக் கற்பதன் பயன் இதனை உணர்வதே என்பேன்.

மாமா இப்போது ஊரோடு தங்கிவிட்டார். வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும், எப்போது பயணம் என்று நான் கேட்பதில்லை. வீட்டுக்கு வாருங்கள் என்று மட்டும் சொல்கிறேன்.