முப்பதுக்கு ஐந்து

பாகப்பிரிவினை வழக்கு. அண்ணன்கள் இருவரும் வாதிகள். தங்கை என் கட்சிக்காரர். அப்பா அவருக்கு எழுதிவைத்த உயில்தான் எங்கள் எதிர்வாதம். பக்கவாதத்தில் வலது கையும் பேச்சும் போன பிறகு, இடது பெருவிரல் ரேகை வைத்துப் பதிவான உயில் அது. உயிலில் சந்தேகம் எழுந்தால் அதைப் போக்கும் பொறுப்பு அதை முன்வைப்பவருடையது என்று 1958-லேயே வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வாதிகள் பெரிதும் நம்பியது மருத்துவமனைக் கோப்பிலிருந்த ஒரு தாளை. அறிவாற்றலை அளக்கும் எம்.எம்.எஸ்.இ. எனும் சோதனை, 1975-இல் வந்தது. மொத்தம் 30 மதிப்பெண், பெரியவருக்கு 5. 'அறிவாற்றல் கடுமையாகக் குறைந்துள்ளது' என்று கீழே குறிப்பு.

குறுக்கு விசாரணையில் டாக்டரை ஒவ்வொரு கேள்வியாகப் படிக்கச் சொன்னேன். இது என்ன வருஷம், எந்த ஊர், 100-லிருந்து ஏழேழாகக் கழியுங்கள், மூன்று வார்த்தைகளைத் திருப்பிச் சொல்லுங்கள், இந்தக் கடிகாரத்துக்குப் பெயர் என்ன...

"வாய் திறந்து பதில் சொல்ல வேண்டியவை எத்தனை மதிப்பெண், டாக்டர்?"

கூட்டிப் பார்த்தார். "24."

"அவர் வாங்கிய 5 எதற்கு?"

தாளை வாங்கி, மடித்து, கீழே வைத்ததற்கு 3. 'கண்ணை மூடுங்கள்' என்று எழுதியிருந்ததைப் படித்து மூடியதற்கு 1. ஒன்றையொன்று வெட்டும் இரு ஐங்கோணங்களை இடது கையால் வரைந்ததற்கு 1. டாக்டர் நேர்மையானவர். "இவருக்கு அஃபேசியா, அதாவது மூளை பாதிப்பால் வந்த மொழிக் குறைபாடு. இந்த மதிப்பெண்ணை வைத்துப் புத்தி போய்விட்டது என்று சொல்ல முடியாது" என்றார்.

எங்கள் சாட்சி பேச்சுப் பயிற்சியாளர். வீட்டுத் தமிழிலேயே கேட்டுப் பரிசோதித்தவர். பெரியவரால் ஒரு பொருளின் பெயரையும் சொல்ல முடியவில்லை. ஆனால் கேட்ட படத்தையெல்லாம் தொட்டுக் காட்டியிருந்தார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நல்ல கேள்வி கேட்டார்: "மாட்டுப் படத்தைக் காட்டியவருக்கு உயிலின் ஷரத்து புரிந்தது என்கிறீர்களா?"

"சொல்ல மாட்டேன். இது ஆரம்பக் கட்டப் பரிசோதனை. மொழியில் எது போயிருக்கிறது, எது மிச்சம் என்று காட்டும். நீளமான வாக்கியங்களை இதில் பார்க்கவில்லை."

எங்களுக்குப் பாதகம்தான், ஆனால் உண்மை. அதைச் சொன்னதால்தான் அவருடைய மற்ற சாட்சியமும் எடுபட்டது என்பது என் எண்ணம்.

வழக்கை முடிவுசெய்தது சார்பதிவாளரின் சாட்சியம். வீட்டுக்கே வந்து பதிவு செய்தவர். உயிலை வாசித்துக் காட்டியபோது, வேண்டுமென்றே "வீடு மூத்த மகனுக்கு, சரிதானே?" என்று மாற்றிக் கேட்டிருக்கிறார். பெரியவர் தலையை ஆட்டி மறுத்து, மகளைக் காட்டினார். நிலத்துக்கும் அப்படியே கேட்டு, அதை மேலெழுத்தில் குறித்தும் வைத்திருந்தார்.

பேச இயலாதவரும் தான் செய்வதை அறிந்திருந்தால் உயில் எழுதலாம் என்ற வாரிசுரிமைச் சட்டம் 59-ஆம் பிரிவின் விளக்கத்தைச் சொல்லி, நீதிபதி உயிலை ஏற்றார். ரேகையை மட்டும் வாங்கிக்கொண்டு போகிற அதிகாரி அன்று வந்திருந்தால், எல்லாம் புரிந்த அந்த மனிதரை நீதிமன்றப் பதிவேடு புத்தி கலங்கியவர் என்றே எழுதியிருக்கும்.