மணி அடித்தால் மேலேயா, கீழேயா?

"பண்டமாரானுக்கு எங்கப்பா சுனாமி வரப் போவுது?"

இதைக் கேட்காதவர்கள் குறைவு. அம்மா கேட்டார். வேலையிடத்தில் கேட்டார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தைச் சேர்ந்த ஒருவர் கொஞ்சம் பதமாக, "தம்பி, டிங்கி பத்திப் பேசலாமே, நம்ம தாமானுக்கு அதுதானே பிரச்சனை" என்றார். இங்குள்ள தமிழ்ப்பள்ளி ஒன்றில் வேலை செய்யும் என் நண்பன்தான் விடவில்லை. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள், புறப்பாட நேரம், ஒரு மணி நேரம் பேசணும். நான் வடிகால் வடிவமைக்கிற பொறியாளன். தண்ணீர் எங்கே போகும், எவ்வளவு நேரத்தில் போகும் என்று கணக்குப் போட்டுத்தான் சம்பளம் வாங்குகிறேன். அந்தத் தகுதி போதும் என்றான்.

கேள்வி நியாயமானதுதான். கிள்ளான் பட்டணத்துக்கும் துறைமுகத்துக்கும் நடுவில் தட்டையாகக் கிடக்கிற ஊர் எங்களுடையது. கடல் பக்கம் பூலாவ் இண்டா, அதைத் தாண்டி பூலாவ் கெத்தாம், சுற்றிலும் பக்காவ் காடு. எதிரே சுமத்ரா தன் முழு நீளத்துக்கும் மதில் மாதிரி நிற்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று மலேசியாவில் இறந்தவர்கள் 68 பேர். அதில் 52 பேர் பினாங்கில். சிலாங்கூரில் ஒருவர். அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு எட்டு வயது. வீட்டில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் அப்பா துறைமுகத்திலிருந்து வந்து செய்தியைப் போடச் சொன்ன பிறகுதான் அந்தச் சொல்லையே கேட்டேன்.

ஆனால் பண்டமாரான் பிள்ளைகள் பண்டமாரானிலேயே இருந்துவிடுவதில்லை. பள்ளி விடுமுறைக்கு பத்து பெரிங்கி போகிறார்கள், லங்காவி போகிறார்கள். தமிழ்நாட்டுக்குப் போகிற குடும்பம் வேளாங்கண்ணியை விடுவதில்லை. அதே 2004இல் புக்கெட்டின் மாய் காவ் கடற்கரையில் ஏறத்தாழ நூறு பேர் தப்பிக்கக் காரணமாக இருந்த டில்லி ஸ்மித் என்ற பத்து வயதுச் சிறுமியின் ஊர் இங்கிலாந்தின் சர்ரே. கடலே தொடாத வட்டாரம். அங்கே ஒரு புவியியல் ஆசிரியர், அவள் விடுமுறைக்குக் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால், சுனாமி பற்றிப் பாடம் நடத்தியிருந்தார். "சர்ரேக்கு எங்கப்பா சுனாமி வரப் போவுது" என்று அங்கே யாரும் கேட்கவில்லை போல.

வகுப்பில் 34 பேர். சுனாமி என்றால் என்ன என்று கேட்டேன். "பெரிய அலை" என்று கூட்டமாகப் பதில் வந்தது. படங்களில் வருகிற மாதிரி வளைந்து மேலே எழும்பும் நீலச்சுவரைத்தான் எல்லோரும் வரைந்தார்கள். அதை அழிக்க லோரி உதவியது. வெஸ்ட்போர்ட் போகிற சாலையில் கண்டேனர் லோரிகள் வரிசையாக வேகமாகப் போகின்றன. முன்னால் போகிற லோரி பிரேக் பிடித்தால் என்ன ஆகும்? "பின்னாடி வர்ற லோரி கிட்ட வந்துரும்ணே." லோரி ஒன்றின்மேல் ஒன்று ஏற முடியாது, தண்ணீரால் முடியும். ஆழ்கடலில் வேகமாக வந்த தண்ணீர் கரைக்கருகே ஆழம் குறையக் குறைய மெதுவாகிறது. பின்னால் வருவது இன்னும் வேகமாகவே வருகிறது. இடமில்லாமல் உயர்கிறது. அதனால்தான் நடுக்கடலில் படகில் இருப்பவருக்குத் தெரியாமலேயே அது கடந்துபோகும். கரைக்கு வரும்போது ஒரு அலையாக உடைந்து திரும்பிவிடாது. கடலே ஏறி வருகிற மாதிரி பல நிமிடங்களுக்கு வந்துகொண்டேயிருக்கும். முதல் அலை போன பிறகு அடுத்தது வரும், அது இன்னும் பெரிதாகவும் இருக்கலாம்.

எவ்வளவு வேகம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. ஆழத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் போதும். 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீட்டரைத் தாண்டும், விமானம் மாதிரி. மலாக்கா நீரிணையில் 30 மீட்டர் ஆழமுள்ள இடத்தில் மணிக்கு 60 சொச்சம். "எங்க அண்ணன் மோட்டர் அதைவிட வேகம்" என்றான் ஒருவன்.

பிறகு வரைபடத்தை மாட்டினேன். நிலநடுக்கம் சுமத்ராவின் மேற்குக் கரைக்கு அப்பால், நம்ம நேரப்படி காலை 8.58. அங்கிருந்து பினாங்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர். நாகப்பட்டினம் அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். அலை எங்கே முதலில் போயிருக்கும்? எல்லாக் கையும் பினாங்குக்கு உயர்ந்தது. நாகப்பட்டினக் கரையில் அலை அடித்தபோது நம்ம நேரம் 11.30 வாக்கில். பினாங்கில் மதியம் ஒரு மணி தாண்டி. வங்காள விரிகுடா ஆழம், நீரிணை ஆழமில்லாதது. அத்தனை தூரத்தை அலை அங்கே ஓடி முடித்தது, இங்கே சுமத்ராவின் வடக்கு முனையைச் சுற்றி மெதுவாக நகர்ந்து வந்தது.

பின்வரிசையில் ஒரு பெண்பிள்ளை கொஞ்ச நேரம் வரைபடத்தையே பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப நாகப்பட்டினத்துல நடந்தத யாராச்சும் போன் பண்ணிச் சொல்லியிருந்தா, பினாங்குல எல்லாரும் ஓடியிருக்கலாம்ல?"

இதை நான் பாடத்தில் வைத்திருக்கவில்லை. ஆனால் மொத்த விஷயமும் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்து ஒன்றரை மணி நேரம் கழித்தும், பாசிர் பாஞ்சாங்கிலும் பத்து பெரிங்கியிலும் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குளியலில் இருந்தன. செய்தி உலகத்தில் இருந்தது. அதைக் கடற்கரைவரை கொண்டுபோகிற வழி இல்லை. வானிலை ஆய்வுத் துறையின் கீழ் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது அதற்கப்புறம்தான். கடலோரங்களில் சைரன் கம்பங்களும் அப்படியே.

போன் பண்ணிச் சொன்ன கதை ஒன்று இருக்கிறது. புதுச்சேரியை ஒட்டிய நல்லவாடு மீனவக் கிராமம். அந்த ஊர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை. அச்சேயில் நடந்ததைச் செய்தியில் தெரிந்துகொண்டு வீட்டுக்கு அழைத்தார். கடல் ஊருக்குள் வருகிறது என்று வீட்டில் சொன்னபோது, எல்லோரையும் கிளப்பச் சொன்னார். அங்கே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய தகவல் மையம் ஒன்று இருந்தது. கதவை உடைத்து உள்ளே போய் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். 3,600 பேர் அளவுள்ள ஊர், உயிரிழப்பு இல்லை. எனக்கு இதில் பிடித்தது போன் இல்லை, அந்த ஒலிபெருக்கி. தினமும் கடல் நிலவரம் சொல்லிக்கொண்டிருந்த கருவி அது. அன்றைக்குப் புதிதாக மாட்டியிருந்தால் எத்தனை பேர் நம்பியிருப்பார்களோ.

அடுத்து அறிகுறிகள். எல்லாக் கையேட்டிலும் இருக்கிறது: தரை பலமாக ஆடினால் ஓடு, கடல் திடீரென்று பின்வாங்கினால் ஓடு, கடலிலிருந்து இரைச்சல் வந்தால் ஓடு. ஜப்பானுக்குச் சரி. கிள்ளானில் முதலாவது உதவாது, சுமத்ராவின் மறுபக்கம் ஆடினால் இங்கே அடுக்குமாடியில் விளக்கு ஆடுவதோடு சரி. இரண்டாவதைச் சொன்னதும் ஒரு பையன் கையைத் தூக்கினான். "மோரிப்புல டெய்லி பின்வாங்குதுண்ணே."

உண்மை. மோரிப் போனவர்களுக்குத் தெரியும், வற்றும்போது சேறு எவ்வளவு தூரத்துக்குத் தெரியுமென்று. இந்தக் கரையில் பெரிய வற்றுப்பெருக்கு நாட்களில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நான்கு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். தாய்லாந்துக்கு எழுதிய வரியை அப்படியே ஒப்பித்தால், மோரிப்பில் பிள்ளைகள் தினம் இரண்டு தடவை ஓட வேண்டியதுதான். ஆகவே கடிகாரம். வழக்கமான வற்றலுக்கு ஆறு மணி நேரம். நீ ஒரு ஐஸ்கிரீம் தின்று முடிப்பதற்குள் கடல் அவ்வளவு தூரம் போனால் அது வழக்கமானது இல்லை. இந்த வரி எந்தக் கையேட்டிலும் கிடையாது. அந்தப் பையனுக்குத்தான் நன்றி.

ஓடு என்றால் எங்கே? நம்ம ஊரில் குன்று கிடையாது. மாடிதான். கெட்டியான கான்கிரீட் கட்டடத்தின் மூன்றாவது மாடி. இதைச் சொன்னபோதுதான் முன்வரிசையிலிருந்து அந்தக் கேள்வி வந்தது.

"அண்ணே, மணி அடிச்சா கீழ வரணுமா, மேல போவணுமா?"

பின்னால் நின்ற ஆசிரியை சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டார். முதலாம் ஆண்டிலிருந்து அந்தப் பிள்ளைகளுக்குத் தீப்பயிற்சி நடக்கிறது. மணி அடித்தால் புத்தகப்பையை விட்டுவிட்டு வரிசையாகப் படியிறங்கித் திடலில் நிற்க வேண்டும். ஐந்து வருடமாகக் காலுக்குப் பழகிய பாதை. தண்ணீர் வரும் நாளில் அதே பாதை அவர்களைத் தண்ணீருக்குள் இறக்கிவிடும்.

ஜப்பானின் இஷினோமாக்கியில் ஓகாவா தொடக்கப்பள்ளி இருந்தது. ஆற்றுமுகத்திலிருந்து ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் உள்ளே. அபாய வரைபடத்தில் அந்த இடம் இல்லை, நம்மைப் போலவே "இங்கே எங்கே வரப்போகுது" பட்டியல். 2011 மார்ச் 11 அன்று நிலம் ஆடியதும் பயிற்சியில் செய்தபடி பிள்ளைகளைத் திடலுக்குக் கொண்டுவந்தார்கள். அதுவரை சரி. பிறகு எங்கே போவது என்று கையேட்டில் தெளிவாக இல்லை. பக்கத்திலுள்ள காலி இடம் அல்லது பூங்கா என்று மட்டும் எழுதியிருந்தது. பள்ளிக்குப் பின்னாலேயே குன்று. பிள்ளைகள் காளான் வளர்க்க ஏறிய குன்றுதான். அங்கே போகலாம் என்று சில பிள்ளைகள் சொல்லியும் இருக்கிறார்கள். ஐம்பது நிமிடம் போல அங்கேயே ஓடிவிட்டது. 108 மாணவர்களில் 74 பேரும் ஆசிரியர்கள் பத்துப் பேரும் போனார்கள். பெற்றோர் தொடுத்த வழக்கு 2019இல் உச்சநீதிமன்றத்தில் முடிந்தது. அன்றைய தினத்துக்கு முன்பே திட்டத்தைச் சரிசெய்யாததுதான் தவறு என்ற கீழ்த் தீர்ப்பு நிலைத்தது.

இதைப் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. தலைமையாசிரியையிடம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டுச் சொன்ன பதில் எனக்குப் பிடித்திருந்தது. "தம்பி, தீ எப்ப வேணா வரலாம். அதுக்குப் பழக்கின மணிய நான் குழப்ப மாட்டேன்." முழுக்கச் சரி. அபூர்வமான ஆபத்துக்காக அடிக்கடி நேரக்கூடிய ஆபத்தின் ஏற்பாட்டைக் கெடுப்பது மோசமான பொறியியல். அதனால் மணியைத் தொடவில்லை. மேலே போவதற்கு மணியே வேண்டாம், குரல் போதும் என்று பேசி முடித்தோம். பள்ளி ஒலிபெருக்கியில், தண்ணீர் போத்தலைத் தொலைத்தவர் பெயரைத் தினமும் வாசிக்கிற அதே ஆசிரியையின் குரலில், "எல்லாரும் மாடிக்கு". நல்லவாட்டில் கற்றது.

அவரைச் சம்மதிக்க வைத்தது சுனாமி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2021 டிசம்பர் வெள்ளம். தாமான் ஸ்ரீ மூடாவில் மேல்மாடியிலும் கூரையிலும் படகுக்காகக் காத்திருந்தவர்களை இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கிறது, சிலருக்குச் சொந்தக்காரர்கள். மாடிக்கு என்ற குரல் வெள்ளத்துக்கும் உதவும் என்றதும் பேச்சு முடிந்தது.

தீராத இடம் வேறு. வீட்டில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள் என்று அனுப்பியிருந்தேன். அடுத்த வாரம் பாதிப் பேர் கொண்டுவந்த பதில், "போய் ஹோம்வர்க் செய்". ஒருத்தியின் அப்பாவுக்கு 2012 ஏப்ரல் 11 ஞாபகம். சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நடுக்கம், எச்சரிக்கை வந்தது, பெரிய அலை வரவில்லை. "சும்மா பயமுறுத்துவாங்க." அன்று தட்டுகள் பக்கவாட்டில் உரசின, கடலடித் தரை மேலே எழும்பவில்லை. அதனால் தப்பினோம். எச்சரிக்கை அனுப்பும் முதல் சில நிமிடங்களில் அது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. இதை அந்தப் பிள்ளை அவ்வளவு அழகாகப் புரிந்துகொண்டாள், ஆனால் அப்பாவிடம் போய் விளக்கும் தைரியம் இல்லை என்றாள்.

கமாய்ஷி நகரில் கத்தாதா தொஷித்தாக்கா என்ற பேராசிரியர் பள்ளிகளில் வருடக்கணக்காகச் சொல்லித் தந்த விதிகளில் ஒன்று, முதல் ஆளாக ஓடு என்பது. நீ ஓடுவதைப் பார்த்து மற்றவர்கள் ஓடுவார்கள். 2011இல் இடைநிலைப்பள்ளி மாணவர்கள் ஓடினார்கள். பக்கத்துத் தொடக்கப்பள்ளியில் மூன்றாவது மாடிக்கு ஏறியிருந்த சின்னப் பிள்ளைகளும் அதைப் பார்த்து இறங்கிக் கூடவே ஓடினார்கள். அந்த மூன்றாவது மாடியும் பிறகு மூழ்கியது. நான் கற்றுத் தந்த 'மூன்றாவது மாடி' இங்குள்ள கடலுக்குத்தான். எல்லாக் கரைக்கும் பொருந்தாது என்று அடுத்த வகுப்பில் பலகையில் எழுதிப் போட்டேன்.

முதல் ஆளாக ஓடு என்று மட்டும் எழுதக் கை வரவில்லை. ஆசிரியர் சொல்லாமல் வரிசையைவிட்டு நகராதே என்று ஆறு வருடம் பழக்குகிற இடத்தில், வெளியிலிருந்து வந்த ஒருவன் அதை எப்படிச் சொல்வது? டில்லியின் கதையைத்தான் முழுசாகச் சொன்னேன். அம்மா முதலில் நம்பவில்லை. அவள் விடவில்லை, கத்தினாள். அப்பா கேட்டார், விடுதிக் காவலரிடம் போய்ச் சொன்னார். ஒருத்தர் கேக்கலன்னா அடுத்தவர்கிட்ட போ, சத்தமா சொல்லு, அழுகை வந்தாலும் சொல்லு. அன்றைக்கு வகுப்பில் கடலுக்காக ஒத்திகை பார்க்கவில்லை. பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே பேசுவதை ஒத்திகை பார்த்தோம். நண்பன் அப்பாவாக உட்கார்ந்து கைப்பேசியை நோண்டிக்கொண்டிருந்தான். முதல் மூன்று பேர் "அப்பா..." என்று ஆரம்பித்து நின்றுவிட்டார்கள். நாலாவது பிள்ளை கைப்பேசியைப் பிடுங்கி மேசையில் வைத்தாள்.

அடுத்த தீப்பயிற்சிக்கு போம்பாவிலிருந்து அதிகாரி வருகிறார். மேலேயா கீழேயா என்று அவரிடம் கேட்க நான்கு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மலாயில் எப்படிக் கேட்பது என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.